நூறு ராண்ட் சிவப்பு ஒயினும் நம் வீட்டு இரவுச் சாப்பாடும்: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம்மவர் வீட்டு விசேஷங்களில் மேசைக்கு வருவது பெரும்பாலும் பிராந்தி, கேன் என்ற கரும்புச் சாராயம், பீர். யாராவது சிவப்பு ஒயின் பாட்டில் ஒன்று கொண்டுவந்தால் அது சமையலறை மூலையில் திறக்காமலே நிற்கும். அப்படியே திறந்தாலும், மட்டன் கறியோடு ஒரு வாய் குடித்துவிட்டு "என்னம்மா இது, வாயெல்லாம் எரியுது" என்று தள்ளி வைத்துவிடுவார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: நம் மிளகாய்க்கு ஒத்துவராத ஒயினை வாங்கி, அதையும் வெதுவெதுப்பாக ஊற்றியிருப்பார்கள்.

இத்தனைக்கும் நாம் இருப்பது ஒயின் விளையும் நாடு. 1659 பிப்ரவரி 2 அன்று கேப்பில் (இன்றைய கேப் டவுன் பக்கம்) முதல்முறையாகத் திராட்சை பிழிந்து ஒயின் எடுத்ததை, அங்கே டச்சுக் குடியேற்றத்தின் தலைவராக இருந்த யான் வான் ரீபேக் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஒயினுக்குப் பேர்போன ஸ்டெல்லன்போஷ் இங்கிருந்து சுமார் 1,600 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனாலும் அங்கே செய்த நல்ல பாட்டில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி சூப்பர் மார்க்கெட் அடுக்கில் நூறு ராண்டுக்கு அக்கம்பக்கமாகக் கிடைக்கிறது. அந்த விலைக்குள் வாங்கி, வழக்கமாகச் சமைக்கும் சாப்பாட்டோடு எப்படிக் குடிப்பது என்பதுதான் இந்தப் பதிவு. குடிக்காதவர்களைக் குடிக்கச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. புரட்டாசி விரதமும் காவடி விரதமும் இருக்கிற வீடுகளில் அந்த நாட்களில் இந்தப் பேச்சே வேண்டாம். புரட்டாசி முடிந்த அடுத்த நாள் இறைச்சிக் கடை வரிசையில் நிற்கும்போது வேண்டுமானால் இதை எடுத்துப் படியுங்கள்.

படி 1: லேபிளைப் படியுங்கள்

ஒயின் பல சூப்பர் மார்க்கெட்டுகளில் மளிகையோடு சேர்ந்தே அடுக்கியிருக்கும். முன்பக்க லேபிளில் படத்தையும் தங்கப் பதக்கத்தையும் விடுங்கள். பார்க்க வேண்டியவை: திராட்சையின் பெயர், அறுவடை ஆண்டு, ஆல்கஹால் அளவு, விளைந்த ஊர்.

திராட்சை பெயரும் ஆண்டும் சும்மா போடுவதில்லை. தென்னாப்பிரிக்காவில் 1973 முதல் 'வைன் ஆஃப் ஆரிஜின்' என்ற விதிமுறை இருக்கிறது. லேபிளில் ஒரே திராட்சையின் பெயர் இருந்தால், உள்ளே குறைந்தது 85 சதவீதம் அந்தத் திராட்சை இருக்கவேண்டும். ஆண்டுக்கும் அதே கணக்குதான். சான்று பெற்ற பாட்டிலின் கழுத்திலோ மூடியிலோ எண்ணோடு கூடிய சின்ன முத்திரை ஒட்டியிருக்கும்.

விலை குறைந்த சிவப்பு ஒயின் பழையதாக ஆக நன்றாக இருக்கும் என்று நம்பாதீர்கள். அதைச் செய்வதே இளசாகக் குடிப்பதற்காகத்தான். அடுக்கில் இரண்டு ஆண்டுப் பாட்டில்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் புதிய ஆண்டை எடுங்கள். இங்கே அறுவடை பிப்ரவரி, மார்ச் வாக்கில் நடப்பதால், ஒரு வருடத்து ஒயின் அந்த வருடக் கடைசியிலேயே கடைக்கு வந்துவிடுவதும் உண்டு.

ஆல்கஹால் அளவுதான் நமக்கு முக்கியம். இந்நாட்டுச் சிவப்பு ஒயின்களில் 13.5, 14, சிலவற்றில் 14.5 சதவீதம்கூட இருக்கும். மிளகாய் எரிச்சலை ஆல்கஹால் கூட்டிவிடும். அதனால் காரச் சமையலுக்கு 13.5-ஐத் தாண்டாத பாட்டிலைத் தேடி எடுங்கள்.

'நேச்சுரல் ஸ்வீட்' என்று போட்டிருந்தால் அது இனிப்பு ஒயின், லிட்டருக்கு 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். ஃபோர் கசின்ஸ் என்ற பிராண்டின் சிவப்பு இந்த வகையில்தான் நம் வீடுகளுக்குள் நுழைந்தது. ஒயின் தெரிந்தவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், நான் சுளிக்கமாட்டேன். காரத்துக்கு இனிப்பு நல்ல துணை. நன்றாகக் குளிரவைத்துக் குடித்தால் போதும். ஆனால் சோறும் பருப்பும் சேர்ந்த முழுச் சாப்பாட்டுக்கு அது சீக்கிரமே திகட்டிவிடும்.

படி 2: திராட்சையைத் தேர்ந்தெடுங்கள்

பால் ஊற்றாத கடுந்தேநீர் குடித்தால் நாக்கும் ஈறும் இறுகிப் பிடிக்குமே, சிவப்பு ஒயினில் இருக்கும் துவர்ப்பும் அதே வகைதான். திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. துவர்ப்பு அதிகமாக இருந்து, மிளகாயும் சேர்ந்துகொண்டால் வாய் வறண்டு எரியும். துவர்ப்பு மிகுந்த கேபர்னே சாவின்யோன் என்ற திராட்சையின் பாட்டிலை மட்டன் கறியோடு திறந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

ஆகவே தொடக்கத்தில் கேபர்னேயை ஒதுக்கிவையுங்கள். மெர்லோ மென்மையானது, பயமில்லாமல் எடுக்கலாம். ஷிராஸில் மிளகு வாசனை இருக்கும், நம் மசாலாவோடு ஒட்டும். சின்சோ இன்னும் நல்லது: நிறமும் துவர்ப்பும் குறைவு, சாறு அதிகம். தனிச் சின்சோ இப்போது கொஞ்சம் விலை ஏறிவிட்டது.

பினோடாஜ் இந்த மண்ணிலேயே பிறந்தது. 1925-இல் ஸ்டெல்லன்போஷில் பேராசிரியர் ஆப்ரகாம் பெரோல்ட் பினோ நுவார், சின்சோ என்ற இரண்டு திராட்சைகளையும் கலப்பினம் செய்து உருவாக்கினார். பிளம் பழ வாசனையும் லேசான புகை வாசனையும் இருக்கும். பெயர்ஸ்க்ளூஃப் பினோடாஜ் பல கடைகளில் கிடைக்கும், தொடங்க நல்ல பாட்டில். 'காஃபி பினோடாஜ்' என்று விற்பது வேறு பாணி. வறுத்த ஓக் மரத்தின் வாசனை தூக்கலாக இருக்கும். பிராய் செய்த (தணலில் சுட்ட) சாப்ஸுக்குச் சரி, கறிவேப்பிலை போட்ட எதற்கும் எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் நாலு பேருக்கு மேல் குடிப்பவர்கள் இருந்தால் 3 லிட்டர் பெட்டி லாபம், நாலு பாட்டில் அளவு. உள்ளே இருக்கும் பை ஒயின் குறையக் குறையச் சுருங்குவதால் காற்று போகாது. திறந்த பிறகும் ஒரு மாதம் தாங்கும்.

படி 3: குளிரவையுங்கள்

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கவேண்டும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது ஐரோப்பாவின் குளிர்ந்த கல்வீடுகளுக்குச் சொன்னது. ஜனவரி மாத டர்பன் அறையில் 28, 30 டிகிரி அடிக்கும். அந்தச் சூட்டில் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும், பழ வாசனை எங்கே போனது என்று தெரியாது.

சாப்பிடுவதற்கு முன் பாட்டிலை ஃபிரிட்ஜில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் வையுங்கள். 15, 16 டிகிரிக்கு வந்தால் போதும். பாட்டிலைத் தொட்டால் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கவேண்டும், ஐஸ்போலச் சில்லிட வேண்டாம். அவசரமென்றால் வாளியில் பாதி ஐஸும் பாதித் தண்ணீரும் விட்டுப் பத்து நிமிடம் அமிழ்த்துங்கள். வெறும் ஐஸைவிடத் தண்ணீர் கலந்த ஐஸ் வேகமாகக் குளிர்விக்கும். எங்கள் பெரியப்பா தம்ளரிலேயே இரண்டு ஐஸ் கட்டி போட்டுக்கொள்வார். விலை உயர்ந்த பாட்டிலென்றால் தடுத்திருப்பேன், நூறு ராண்ட் பாட்டிலுக்குத் தாராளமாகப் போடலாம்.

படி 4: ஊற்றுங்கள்

பெரும்பாலான பாட்டில்களுக்குத் திருகு மூடிதான், கார்க் திருகி தேட வேண்டாம். கண்ணாடித் தம்ளர் எதுவானாலும் சரி, ஸ்டீல் டம்ளர் மட்டும் வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு ஊற்றுங்கள். ஒரு சுற்றுச் சுழற்றி மோந்து பார்த்துவிட்டு ஒரு வாய் குடியுங்கள். 750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து தம்ளர் வரும்.

படி 5: ஒரு சின்னச் சோதனை

இதை ஒரு முறை செய்து பாருங்கள், பத்து நிமிட வேலை. ஒரு தட்டில் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு துண்டு எலுமிச்சை, ஒரு கரண்டி சோஜி (ரவை இனிப்பு), கொழுப்போடு ஒரு துண்டு வறுத்த ஆட்டிறைச்சி, கொஞ்சம் மிளகாய்ச் சட்னி வையுங்கள். ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்துவிட்டு உடனே ஒரு வாய் ஒயின்.

உப்புக்குப் பிறகு துவர்ப்பு அடங்கி ஒயின் மிருதுவாகும். எலுமிச்சைக்குப் பிறகு ஒயினின் புளிப்பு குறைந்து பழம் தெரியும். சோஜிக்குப் பிறகு அதே ஒயின் புளித்துக் கசக்கும், அதனால் பாயசம் வருவதற்குள் தம்ளரை முடித்துவிடுங்கள். ஆட்டுக்கொழுப்பு துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும், வாய் சுத்தமாகும். சட்னியைக் கடைசியில் வைக்கச் சொன்னதன் காரணம் குடித்ததும் புரியும். அப்போது ஒரு வாய் பருப்புச் சோறு சாப்பிட்டுவிட்டு மறுபடி குடியுங்கள், எரிச்சல் இறங்கியிருக்கும். கறிக்கும் ஒயினுக்கும் நடுவில் பருப்பையும் சோற்றையும் விடுவது, நான் பார்த்தவரை எந்த விலை உயர்ந்த பாட்டிலையும்விட அதிகம் உதவுகிறது.

படி 6: இரவுச் சாப்பாடு

முதலில் சாப்ஸ் சட்னி. இதைத்தான் தொடங்குகிறவர்களுக்குச் சொல்வேன். தக்காளியின் புளிப்பும் ஆட்டுக்கொழுப்பும் உப்பும் ஒரே சட்டியில் இருப்பதால் ஒயினுக்கு வேலை எளிது.

நாலு பேருக்கு: ஆட்டு சாப்ஸ் எட்டு, நன்கு பழுத்த தக்காளி ஆறு, பெரிய வெங்காயம் இரண்டு, பச்சை மிளகாய் இரண்டு, இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, கறி மசாலா ஒரு மேசைக்கரண்டி, கொஞ்சம் சீரகம், கறிவேப்பிலை, தைம் ஒரு கொத்து.

சாப்ஸில் உப்பும் மஞ்சளும் தடவி, கொஞ்சம் எண்ணெயில் இரண்டு பக்கமும் சிவக்க வறுத்து எடுத்து வையுங்கள். அதே சட்டியில், ஒட்டியிருக்கும் கருகலோடு, சீரகம் பொரிந்ததும் வெங்காயம், கறிவேப்பிலை, பச்சை மிளகாய். வெங்காயம் பொன்னிறமானதும் இஞ்சி பூண்டு, மசாலா, உடனே தக்காளி. மசாலாவைத் தனியாக எண்ணெயில் நெடுநேரம் விட்டால் கசக்கும், ஒயினும் அந்தக் கசப்பைத் தூக்கிக் காட்டும். தக்காளி குழைந்து எண்ணெய் ஓரத்தில் பிரிந்ததும் சாப்ஸையும் தைமையும் போட்டு, மூடி, சிறு தீயில் நாற்பது நிமிடம். தக்காளி ரொம்பப் புளித்தால் ஒரு சிட்டிகை சர்க்கரை, அதற்கு மேல் வேண்டாம். ரொட்டியோடோ வெள்ளை பிரெட்டோடோ சாப்பிடுங்கள். பக்கத்தில் குளிர்ந்த பினோடாஜ் அல்லது சின்சோ கலந்த சிவப்பு.

டர்பன் மசாலா போட்ட மட்டன் கறி இதைவிடக் கடினம், ஏனென்றால் காரம் அதிகம். உருளைக்கிழங்கு இருக்கிறதே, அதுதான் கைகொடுக்கும். மெர்லோவையோ ஷிராஸையோ இன்னும் கொஞ்சம் குளிராக, 14 டிகிரி அளவில் ஊற்றுங்கள். கறியை அன்றே சாப்பிடாமல் மறுநாள் சூடாக்கிச் சாப்பிட்டால் ஒயினுக்கு இன்னும் இசையும். காரத்தின் முனை மழுங்கியிருக்கும்.

சுகர் பீன்ஸ் கறிக்கு ஷிராஸ். சைவ இரவுக்கு என் முதல் தேர்வு இதுதான், பீன்ஸ் வெந்து குழைந்த கெட்டித்தன்மை துவர்ப்பை விழுங்கிவிடும். கத்திரிக்காய் வதக்கலுக்கும் அதே பாட்டில். பிரியாணிக்கு மெர்லோ, தயிர் பச்சடியைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். வாரநாளில் கொத்துக்கறியும் பட்டாணியும் செய்தால், 1932 முதல் விற்கும் சாட்டோ லிபர்டாஸ் மாதிரி கலப்பு ஒயின் எதுவும் சரி.

டின் மீன் சட்னிக்குச் சிவப்பு ஒயின் வேண்டவே வேண்டாம். எண்ணெய் மீனும் சிவப்பு ஒயினும் சேர்ந்தால் வாயில் இரும்பு வாடை அடிக்கும். நண்டுக் கறிக்கும் ரசத்துக்கும் என் பதில் இதேதான்.

படி 7: மீதியை என்ன செய்வது

மூடியைத் திருகி ஃபிரிட்ஜில் நிற்கவையுங்கள், படுக்கவைக்க வேண்டாம். சிவப்பு ஒயினானாலும் ஃபிரிட்ஜ்தான். மூன்று நாள் நன்றாக இருக்கும், ஐந்தாம் நாளில் பழ வாசனை போயிருக்கும். பாதிக்கு மேல் காலியான பாட்டிலைச் சின்னப் பாட்டிலுக்கு மாற்றி நிரம்ப ஊற்றிவைத்தால் இன்னும் ஒன்றிரண்டு நாள் கிடைக்கும்.

காரில் வந்தவர்களுக்கு ஊற்றும்போது கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் ஓட்டுநருக்கு ரத்தத்தில் அனுமதிக்கப்பட்ட அளவு 100 மில்லிக்கு 0.05 கிராம்; தொழில்முறை ஓட்டுநருக்கு 0.02. எங்கள் வீட்டில் ஓட்டுகிறவருக்கு ஒயினே கிடையாது, ஜிஞ்சர் பீர்தான்.

குடிக்கும் பக்குவம் தாண்டிய ஒயினை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துவிடுங்கள். அடுத்த முறை கொத்துக்கறி வதக்கும்போது, தக்காளி போடும் முன் இரண்டு கட்டி போட்டு நன்றாக வற்றவிட்டால் போதும்.