கெலவரப்பள்ளி அணைக்கு ஒரு மிதவை உணரி

ஓசூர்ப் பக்கம் தென்பெண்ணையில் நுரை கிளம்பியபின் அளப்பதைவிட, உணரிகள் கட்டிய மிதவை ஒன்றை விட்டுவைத்து நீரின் தரத்தை அன்றாடம் அளப்பது மேல்.

110 மி.மீ. பி.வி.சி. குழாய் இரண்டடி நீளத்தில் இரண்டு. நான்கு முனைகளுக்கும் மூடி, சால்வென்ட் சிமென்ட். பாதி மூழ்கினாலே தன் எடையும் சேர்த்து ஐந்து கிலோ தாங்கும். நடுவில் ரப்பர் விளிம்புள்ள பெட்டி, அதற்குள் ஈ.எஸ்.பி.32 (வைஃபை உள்ள சிறு கணினிப் போர்டு), பேட்டரி. வயர் நுழையும் துளை பெட்டியின் அடியில் இருக்கட்டும். மேலே வைத்தால் முதல் மழையிலேயே போர்டு போச்சு.

நீரின் அமில, காரத் தன்மையை அளக்கும் பி.எச். உணரியின் போர்டு 5 வோல்ட் வரை தரும், ஈ.எஸ்.பி.32 தாங்குவது 3.3 தான். பி.எச். போர்டிலிருந்து 10 கிலோஓம் மின்தடை, அங்கிருந்து கிரவுண்டுக்கு 20 கிலோஓம் மின்தடை போட்டு, இரண்டும் சேரும் நடுப்புள்ளியை ஈ.எஸ்.பி.32-இல் 32 முதல் 39 வரையுள்ள அனலாக் பின் (வோல்டேஜைப் படிக்கும் கால்) ஒன்றில் கொடுங்கள். மற்ற அனலாக் பின்கள் வைஃபை ஓடும்போது வேலை செய்யாது.

பலர் சறுக்குவது இங்கேதான்: நீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். உணரியும் கூடவே ஓடும்போது நீர் வழியே கசியும் மின்சாரம் பி.எச். அளவைக் கலைக்கும். ஒன்றை அணைத்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

பி.எச். முனையை 6.86, 4.01 பஃபர்களில் (பி.எச். அளவு தெரிந்த கரைசல்கள்) சரிபாருங்கள். வாரம் ஒருமுறை பாசியை மென்மையாகத் துடையுங்கள். முனை காயவே கூடாது. நங்கூரக் கயிறு, அணை நிரம்பும்போதுள்ள ஆழத்தைவிட நீளமாக இருக்கட்டும். தருமபுரிக்காரர்கள் கேட்கும் ஃபுளூரைடு இதில் தெரியாது. அதற்குத் தனி மின்முனை வேண்டும்.