ஒரே பீரைக் குடித்துப் பழகியவர் மற்ற வகைகளை அறியும் வழி

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நீளும் எங்கள் கடற்கரையில் பீர் வாங்கப் போகிறவர் கடை ஜன்னலில் இரண்டே கேள்விகள்தாம் கேட்கிறார்: ‘ஸ்ட்ராங்கா?’, ‘கூலிங் இருக்கா?’ பெயரும் சீட்டும் மாறுகின்றனவே ஒழிய, அந்த 650 மில்லி பாட்டிலுக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரே வகைப் பீர்தான். அதற்கு லாகர் என்று பெயர். ஆண்டுக்கணக்காக அதை மட்டுமே குடித்துவிட்டு ‘பீர் எனக்குப் பிடிக்கும்’ என்றோ ‘பிடிக்காது’ என்றோ சொல்வது, சாளையை மட்டும் தின்றுவிட்டு மீனைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதைப் போன்றது. கப்பல் வேலையில் பல துறைமுகங்களைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் என்ற முறையில், மற்ற வகைகளை எப்படி அறிவது, தனக்குப் பிடித்ததை எப்படிக் கண்டுகொள்வது என்று இங்கே எழுதுகிறேன். குடிக்காதவரைக் குடிக்கச் சொல்லும் நோக்கம் எனக்கில்லை. 21 வயது நிறைந்து, ஏற்கெனவே குடிப்பவராக இருந்து, ‘கிக்’ ஏறினால் போதும் என்பதைத் தாண்டி யோசிப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் பீர் எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நீர், முளைகட்டி உலர்த்திய தானியம், கசப்பைத் தரும் ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ, ஈஸ்ட் ஆகிய நான்கும்தான் அடிப்படை. முளைகட்டிய பார்லியை மால்ட் என்கிறார்கள். கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து மாவு திரிக்கும் வீடுகளில் வளர்ந்தவருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. முளைக்கும்போது தானியத்தின் மாவுச்சத்து இனிப்பாக மாறத் தயாராகிறது. சங்கப் பாடல்களில் வரும் தோப்பியும் நெல்லிலிருந்து வடித்த கள்தான் என்பதால், தானியத்தைப் புளிக்கவைக்கும் தொழில் நமக்குப் புதிதன்று. ஈஸ்ட் செய்யும் வேலையை அறிய நமது பனையே போதும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பாளையிலிருந்து சொட்டுவது பதநீராக நிற்கிறது, தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் அதைச் சில மணி நேரத்தில் கள்ளாக்கிவிடுகிறது. கள் இறக்குவது இம்மாநிலத்தில் 1987 முதல் தடை செய்யப்பட்டிருப்பதால், இளைஞர் பலருக்குப் பதநீர் மட்டுமே தெரியும். ஆயினும் அந்த இரண்டு கலயங்களுக்கும் இடையிலான வேறுபாடுதான் பீர் ஆலையின் முழு வேலையும்.

வகைகள் பிரியும் முதல் இடமும் ஈஸ்ட்தான். ஏறத்தாழ 7 முதல் 13 டிகிரி வரையிலான குளிரில் மெதுவாகப் புளித்து, பிறகு வாரக்கணக்கில் குளிரிலேயே தெளியவிடப்படுவது லாகர். ஜெர்மன் மொழியில் சேமித்துவைத்தல் என்று பொருள்படும் சொல்லிலிருந்தே அந்தப் பெயர் வந்தது. 15 முதல் 24 டிகிரி வரையிலான சூட்டில் விரைவாகப் புளிப்பது ஏல். குளிரில் வேலை செய்யும் ஈஸ்ட் தன் வாசத்தை அதிகம் விட்டுச்செல்வதில்லை என்பதால் லாகர் துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருக்கும். சூட்டில் வேலை செய்யும் ஈஸ்ட் பழ வாசத்தையும் மசாலா வாசத்தையும் கொட்டிவிட்டுப் போகும்.

நீரின் பங்கை மற்ற ஊர்க்காரருக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். ராமநாதபுரத்தாருக்கு அது ஒரு சிரமமே இல்லை. ஊருணித் தண்ணீரில் மலர்ந்து வேகும் துவரம்பருப்பு உவர்த் தண்ணீரில் எத்தனை விறகு எரித்தாலும் வேகாது என்பதை அறிந்தவர்கள் நாம். செக் நாட்டின் பில்சன் நகரத்து நீர் மிக மென்மையானது. 1842-இல் ஜோசப் கிரோல் என்னும் பவேரியர் அங்கே வடித்த பொன்னிற லாகர்தான் பில்ஸ்னர் என்ற வகையாகி, இன்று நமது கடையில் நிற்கும் பாட்டில் வரைக்கும் பாட்டனாக இருக்கிறது. இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்து நீரில் ஜிப்சம் மிகுதி என்பதால் அங்கே கசப்புத் தூக்கலான பீர்கள் சிறந்தன. டப்ளின் நீரின் காரத்தன்மையைக் கருக வறுத்த தானியத்தின் புளிப்பு சமன்செய்ததால் அங்கே கறுப்புப் பீர் நிலைத்தது.

இனி எப்படிச் சுவைப்பது என்று பார்க்கலாம். ஒரே மாலையில் மூன்று வகைகளுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றிலும் 100 மில்லி போதும். மூன்று நண்பர்கள் சேர்ந்து வகைக்கு ஒரு பாட்டில் வாங்கிப் பகிர்ந்துகொண்டால் செலவும் குறையும், தலையும் தப்பும். வெளிர் நிறத்திலிருந்து கறுப்பை நோக்கியும், கசப்புக் குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கியும் செல்ல வேண்டும், ஏனெனில் பாகற்காய் தின்ற வாயில் வெள்ளரி ருசிக்காது. இடையிடையே தண்ணீரும் ஒரு பிடி பொரியும் போதும்.

குவளையைப் பற்றி இந்தக் கடற்கரையில் தனியாகவே சொல்ல வேண்டும். மீன் வறுத்த வீட்டில் கழுவிய குவளையில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பிசுக்கும் கவிச்சியும் ஒட்டியிருக்கும், அதில் ஊற்றினால் நுரை நிற்காது. நுரை நிற்காத பீரில் வாசமும் சீக்கிரம் போய்விடும், பிறகு பீரைக் குறை சொல்லிப் பயனில்லை. பீருக்கென்று இரண்டு மூன்று கண்ணாடிக் குவளைகளைத் தனியாக ஒதுக்கி, சோப்பு மிச்சமில்லாமல் அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலரவிடுவது நல்லது. ஊற்றும்போது குவளையைச் சாய்த்துத் தொடங்கி, பாதியில் நிமிர்த்தி, இரண்டு விரற்கடை நுரை வரும்படி முடிக்க வேண்டும். பாட்டிலில் வாய்வைத்துக் குடிப்பவருக்கு மூக்கு இல்லாமல் போகிறது. ருசியில் பெரும்பகுதி மூக்கின் வேலை.

‘கூலிங்’ விஷயத்தில்தான் நம்மவர்களோடு எனக்கு அதிகச் சண்டை. சித்திரை வெயிலில் ஐஸ் குளிர்ச்சியைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாக்கு மரத்துப்போகும் குளிரில் எல்லாப் பீரும் ஒன்றுதான். லாகருக்கு 4 முதல் 7 டிகிரி சரி. கோதுமைப் பீரும் ஏலும் 8 முதல் 12 டிகிரியில்தான் வாய் திறக்கும், ஸ்டவுட் என்னும் கறுப்புப் பீருக்கு அதைவிடச் சற்றுக் கூடினாலும் பாதகமில்லை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்தால் போதும். நமது ஊர் வெப்பத்தில் அதற்கு மேல் வைத்தால் அது கஞ்சியாகிவிடும்.

எந்த வரிசையில் தேடுவது? கோதுமைப் பீரிலிருந்து தொடங்குவதே எளிது என்பது என் கருத்து. பவேரிய முறைக் கோதுமைப் பீரில் குறைந்தது பாதி கோதுமை மால்ட் இருக்கும், ஈஸ்ட் வடிகட்டப்படாததால் கலங்கலாகவும் இருக்கும். அதை மோந்து பார்க்கும்போது கனிந்த வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். அதில் பழமும் சேர்ப்பதில்லை, கிராம்பும் சேர்ப்பதில்லை, இரண்டும் ஈஸ்ட் உண்டாக்கும் வாசங்கள் என்று சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. எர்டிங்கர், வைஹென்ஸ்டெஃபான் ஆகியவை இவ்வகை. பெல்ஜியக் கோதுமைப் பீரோ வேறு. அதில் உண்மையாகவே கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுகிறார்கள். ஹூகார்டன் அதற்கு எளிதில் கிடைக்கும் எடுத்துக்காட்டு. கசப்பு பிடிக்காதவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில் நின்றுவிடுகிறார்கள், நிற்பதில் தவறுமில்லை.

அடுத்து ஸ்டவுட். கறுப்பாக இருப்பதால் இது ‘ஹெவி’ என்று அஞ்சுகிறவர்கள் எண்ணைப் பார்க்க வேண்டும். டப்ளினில் 1759-இல் தொடங்கிய கின்னஸ் நிறுவனத்தின் டிராட் வகையில் ஆல்கஹால் 4.2 சதவீதமே, நமது கடை ஸ்ட்ராங் பீரில் அது 8 சதவீதம் வரை செல்லும். 650 மில்லி ஸ்ட்ராங் பாட்டிலில் 41 கிராம் அளவுக்குத் தூய ஆல்கஹால் இருக்கிறது, 440 மில்லி கின்னஸ் டிராட் டப்பாவில் ஏறத்தாழ 15 கிராம்தான். நிறம் வறுத்த பார்லியிலிருந்து வருகிறது, வலிமை அதிலிருந்து வருவதில்லை. வாசத்தில் கடுங்காப்பி, அடிப்பிடித்த கருப்பட்டிப் பாகு, சில வேளை சாக்லேட் ஆகியவை தெரியும். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியை உடைத்து மோந்து பார்த்துப் பழகிய மூக்கு இதைச் சட்டென்று பிடித்துவிடும். இதில் ஒரு வியப்பு, உலகமெங்கும் பேசப்படும் ஸ்டவுட் ஒன்று நமது பாக் நீரிணைக்கு அக்கரையிலேயே வடிக்கப்படுகிறது. இலங்கையின் லயன் ஸ்டவுட் 8.8 சதவீதம் கொண்டது, உண்மையிலேயே கனமானது, மெதுவாகப் பருக வேண்டியது. கொழும்புக்குப் போகிறவர்கள் அதைத் தவறவிடக் கூடாது. ஆனால் ஒரு பாட்டிலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கசப்புக்கு ஐபிஏ, அதாவது ‘இந்தியா பேல் ஏல்’ என்னும் வெளிர் ஏல். லண்டனின் பௌ பகுதியில் ஹாட்ஜ்சன் வடித்த வெளிர் ஏல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் பயணித்து இந்தியத் துறைமுகங்களுக்கு வந்தது, 1820-களில் பர்ட்டன் நகரத்தாரும் அந்த வணிகத்தில் இறங்கினார்கள். ஹாப்ஸ் கிருமிகளைத் தடுக்கும் என்பதால் அதைத் தாராளமாகப் போட்டார்கள். இந்தியாவிற்காகவே ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்த பீர் என்ற கதையை நம்ப வேண்டாம், வெளிர் ஏல் அதற்கு முன்பே இருந்தது. இக்கால ஐபிஏயில் சிட்ரா போன்ற அமெரிக்க ஹாப்ஸ் சேர்ப்பதால் மாம்பழமும் எலுமிச்சையும் மணக்கும். சுண்டைக்காய் வற்றலை விரும்பித் தின்பவருக்கு இது பிடிக்க வாய்ப்பு அதிகம், மற்றவர்கள் இதை முதல் மாலையில் தொட வேண்டாம்.

புளிப்பு வகைகளில்தான் நமது நாக்குக்குச் சொந்தம் அதிகம் என்று நினைக்கிறேன். ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் நின்றபோது ஒரு மதுக்கூடத்தில் எனக்குக் கூஸ் என்னும் பீரை ஊற்றிக் கொடுத்தார்கள். பாட்டில் கெட்டுவிட்டது என்றே நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பிரஸ்ஸல்ஸ் வட்டாரத்தில் கொதித்த தானிய வடிநீரைத் திறந்த தொட்டியில் ஆறவிட்டு, காற்றில் வரும் ஈஸ்ட் விழுந்து மரப்பீப்பாயில் புளிக்கும் லாம்பிக்கில் ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு முதிர்ந்தவற்றைக் கலந்து செய்வது அது. இரண்டாவது வாயில் பழைய சோற்று நீராகாரம் நினைவுக்கு வந்தது, மூன்றாவது வாயில் வேறொரு குவளை கேட்டேன். கோஸ் என்னும் ஜெர்மானிய வகை இன்னும் நெருக்கமானது. கோஸ்லார் நகரத்தில் தோன்றி லைப்ஜிக்கில் வேரூன்றிய அதில் உப்பும் கொத்தமல்லி விதையும் சேர்கின்றன, புளிப்பைத் தருவது லாக்டிக் அமிலம். மண்டபத்து வெயிலில் உப்பிட்ட நீர்மோர் குடித்தவர் அதை அயல்நாட்டுச் சரக்கு என்று சொல்ல மாட்டார்.

இவற்றை எங்கே தேடுவது என்பது நியாயமான கேள்வி. உள்ளூர்க் கடையில் இவற்றில் பலவும் கிடைப்பதில்லை. பெங்களூரில் தங்கள் இடத்திலேயே பீர் வடித்து ஊற்றும் கூடங்கள் நிறைய உண்டு. அங்கே சிறு குவளைகளில் பல வகைகளைத் தட்டில் அடுக்கித் தருவதால், ஒரு மாலையிலேயே மேலே சொன்ன பயிற்சியை முடித்துவிடலாம். சிங்கப்பூர், மலேசியா என்று வேலைக்குப் போயிருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் எளிது. பிற மாநிலத்தில் வாங்கியதை அனுமதியின்றி இங்கே கொண்டுவருவது வழக்கில் முடியும் என்பதால், அங்கேயே சுவைத்துவிட்டு வருவதே அறிவுடைமை.

எங்கே வாங்கினாலும் தயாரித்த தேதியைப் பார்க்க வேண்டும். லாரியிலும் கிட்டங்கியிலும் வெந்த பீரில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் ஏறிவிடும். பச்சை அல்லது வெள்ளைக் கண்ணாடிப் பாட்டில் வெயிலில் நின்றிருந்தால் ஒளி பட்டு ஹாப்ஸ் சிதைந்து துர்நாற்றம் வரும், பழுப்புக் கண்ணாடியும் டப்பாவும் அதைத் தடுக்கும். இப்படிக் கெட்ட ஒரு பாட்டிலைக் குடித்துவிட்டு ஒரு வகையையே வெறுத்தவர்களை நான் அறிவேன்.

துணைக்கறியில் காரமே சிக்கல். ராமநாதபுரம் குண்டு மிளகாய் அரைத்து வைத்த நண்டுக் குழம்போடு ஐபிஏயைச் சேர்த்தால், ஹாப்ஸின் கசப்பும் வாயுவும் காரத்தை இரட்டிப்பாக்கும். கோதுமைப் பீர் அதைத் தணிக்கும். வறுத்த நெத்திலிக்கும் இறாலுக்கும் பில்ஸ்னர் பொருந்தும், சுட்ட கணவாய்க்கு ஸ்டவுட். கருவாட்டுக்கு மட்டும் எனக்கு இன்றுவரை சரியான இணை அகப்படவில்லை. சுவைத்த நாளில் வண்டி ஓட்டுவதும் வள்ளத்தில் ஏறுவதும் கூடாது. சாலையில் சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான், ஒரு ஸ்ட்ராங் பாட்டிலே பலரை அந்த எல்லைக்கு அப்பால் தள்ளிவிடும்.

ஒரு சிறு நோட்டில் தேதி, பெயர், வகை, சதவீதம் ஆகியவற்றோடு வாசத்தை உங்கள் அடுக்களைச் சொல்லிலேயே எழுதி வாருங்கள். ‘நன்று’, ‘சுமார்’ என்று எழுதினால் மூன்று மாதம் கழித்து உங்களுக்கே புரியாது. பத்துப் பன்னிரண்டு பதிவுகள் சேர்ந்ததும் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்தால், உங்களை இழுப்பது கசப்பா, புளிப்பா, வறுத்த வாசமா, பழ வாசமா என்பது தெரிந்துவிடும். பிறகு ஒரு சோதனை. உங்களுக்குப் பிடித்ததாக நம்பும் பீரையும், அதே வகையில் விலை குறைந்த மற்றொன்றையும் நண்பரிடம் கொடுத்து, நீங்கள் பார்க்காதபோது மூன்று குவளைகளில் இரண்டில் ஒன்றையும் மூன்றாவதில் மற்றதையும் ஊற்றச் சொல்லுங்கள். தனித்து நிற்கும் குவளையை மூன்று நான்கு தடவை சரியாகச் சொல்ல முடிந்தால் அதற்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருள் உண்டு. முடியாவிட்டால் விலை குறைந்ததையே வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்திற்கு நண்டு வாங்கலாம்.