குழு வேறு, தனிநபர் வேறு: பாட்மிண்டன் சாம்பியன்ஷிப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 அக்டோபரில் குவாஹாட்டியில் உலக ஜூனியர் பாட்மிண்டன் சாம்பியன்ஷிப் நடந்தது. முதலில் கலப்புக் குழுப் போட்டி, அது முடிந்ததும் அதே அரங்கில் தனிநபர் போட்டி. குழுப் போட்டியின் காலிறுதியில் இந்தியா கொரியாவை வென்ற ஸ்கோர் 44-45, 45-30, 45-33. கபடி ஸ்கோர் மாதிரி இருக்கிறதே என்று யாருக்காவது தோன்றியிருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஷட்டில் என்றால் 21 புள்ளி என்றுதானே நமக்குப் பழக்கம்.

குழுவும் தனிநபரும் சேர்ந்து நடக்கும் இந்த மாதிரிப் போட்டிகளில் ரசிகர்கள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். ஒன்றை அளக்கும் கோலால் இன்னொன்றை அளந்துவிடுகிறோம்.

பலகையில் இருப்பது யாருடைய ஸ்கோர்?

குவாஹாட்டி குழுப் போட்டி தொடர் ஓட்டம் போல நடந்தது. ஒரு செட்டுக்கு 45 புள்ளி. ஆண்கள் ஒற்றையர், பெண்கள் ஒற்றையர், ஆண்கள் இரட்டையர், பெண்கள் இரட்டையர், கலப்பு இரட்டையர் என ஐந்து ஆட்டங்களும் அந்த 45-ஐப் பங்குபோட்டுக்கொள்ளும். முதலில் இறங்குபவர்கள், ஏதாவது ஒரு அணி 9 தொடும் வரை ஆடுவார்கள். அடுத்தவர்கள் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க மாட்டார்கள். விட்ட இடத்திலிருந்து 18 வரை போவார்கள். அப்புறம் 27, 36, கடைசியாக 45. மூன்றில் இரண்டு செட் எடுத்த அணி ஜெயிக்கும்.

இங்கே பலரும் செய்யும் தவறு, பலகையில் தெரியும் எண்ணை அப்போது களத்தில் நிற்பவரின் ஸ்கோராக எடுத்துக்கொள்வது. ஓர் உதாரணம் பாருங்கள். அணி 5-9 என்று பின்தங்கியிருக்கும்போது ஒரு பெண் ஒற்றையர் ஆட இறங்குகிறார். 16-18 என்ற நிலையில் அவருடைய பங்கு முடிகிறது. பலகையைப் பார்த்தால் தோல்வி. கணக்குப் போட்டால் அவர் எடுத்தது 11, எதிராளி எடுத்தது 9. நாலு புள்ளிப் பள்ளத்தை இரண்டாகக் குறைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அன்றைய தினம் அணியைக் காப்பாற்றியவரே அவராக இருக்கலாம். இது தெரியாமல் 'தோற்றுவிட்டாள்' என்று எழுதிவிடுகிறோம்.

கொரியாவுடனான அந்த முதல் செட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 44-45. ஒரே ஒரு புள்ளி. அதைத் தவறவிட்டது கடைசியாக ஆடிய ஜோடிதான் என்று சொல்லிவிடலாமா? ஐந்து ஆட்டங்களில் எதில் வேண்டுமானாலும் அந்தப் புள்ளி போயிருக்கலாம்.

சரி, இந்த 45 கணக்காவது நிலையானதா என்றால் அதுவும் இல்லை. 2024-இல் சீனாவின் நான்சாங்கில் இதே கோப்பைக்கான ஆட்டங்கள் 110 புள்ளிகளுக்கு நடந்தன; இறுதியில் இந்தோனேசியா சீனாவை 110-103 என்று வென்றது. குவாஹாட்டியிலேயே கூட, குழுப் போட்டி முடிந்து தனிநபர் தொடங்கியதும் கணக்கு மாறிவிட்டது. செட்டுக்கு 15 புள்ளி. பெண்கள் ஒற்றையர் இறுதியில் இந்தியாவின் தன்வி சர்மா தாய்லாந்து வீராங்கனையிடம் 7-15, 12-15 என்று தோற்றார். 21 பழக்கத்தில் இதைப் படிப்பவருக்கு ஆட்டம் பாதியில் நின்றது போலத் தெரியும். ஆகவே ஒரு போட்டியைப் பார்க்க உட்காரும் முன் முறை என்ன என்று ஒரு நிமிடம் பார்த்துவிடுங்கள். பழைய ஆண்டு ஸ்கோரோடு ஒப்பிடுவதை அறவே விட்டுவிடலாம்.

நட்சத்திரங்களை மட்டும் எண்ணுவது

நம் ஊடகங்கள் செய்யும் தவறு இது. ரசிகர்களும் அப்படியே பிடித்துக்கொள்கிறார்கள். 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியைப் பாருங்கள். தனிநபரில் சிந்து தங்கம், லக்‌ஷயா சென் தங்கம், சாத்விக்–சிராக் ஜோடி தங்கம். மூன்றும் ஒரே நாளில். அப்படிப்பட்ட அணி, சில நாள்களுக்கு முன் கலப்புக் குழு இறுதியில் மலேசியாவிடம் 1-3 என்று தோற்றிருந்தது. ஜெயித்தது சிந்து மட்டும்.

எப்படி? கலப்புக் குழுவில் ஐந்து ஆட்டங்களில் மூன்று இரட்டையர். மலேசியாவிடம் ஆண்கள் இரட்டையரில் ஆரோன் சியா–சோ வூய் யிக் இருந்தார்கள். அன்று சாத்விக்–சிராக்கை வென்றார்கள். பெண்கள் இரட்டையரில் பியர்லி டான்–தினா முரளிதரன் இருந்தார்கள். அந்தப் போட்டியின் தனிநபர் தங்கமும் பிறகு அவர்களுக்குத்தான் போனது. இரண்டு பெரிய ஒற்றையர் வீரர்கள் இருந்தாலே குழுத் தங்கம் நிச்சயம் என்று போடும் கணக்கு இங்கே உடைகிறது. தமிழ் ரசிகர்கள் தினாவின் ஆட்டத்தைப் பார்க்காமல் விடுவது எனக்கு இன்னும் புரியாத விஷயம்.

ஆண்கள் குழு, பெண்கள் குழு என்று தனித்தனியாக நடக்கும்போது மூன்று ஒற்றையர், இரண்டு இரட்டையர். அங்கே தலையெழுத்தை முடிவு செய்வது பல நேரம் மூன்றாவது ஒற்றையர். ஹாங்சோ ஆசிய விளையாட்டில், 2023 அக்டோபர் 1 அன்று, ஆண்கள் குழு இறுதியில் இந்தியா சீனாவுக்கு எதிராக 2-0 என்று முன்னால் இருந்தது. லக்‌ஷயா சென் ஷி யூச்சியை வென்றிருந்தார், சாத்விக்–சிராக்கும் தங்கள் வேலையை முடித்திருந்தார்கள். முதுகு வலியால் இந்தியாவின் முதல் ஒற்றையர் வீரரான பிரணாய் இறங்கவில்லை. மீதி மூன்று ஆட்டங்களும் போயின, 2-3, வெள்ளி. 'கையிலிருந்த தங்கத்தை விட்டுவிட்டார்கள்' என்று பேசியவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. ஒருவர் விலகினால் காலியாவது ஓர் இடம் மட்டும் அல்ல. ஒற்றையர் வரிசையே ஒரு படி நகர்கிறது, மூன்றாவதாக இருந்தவர் இரண்டாவதற்கு வருகிறார், வெளியே இருந்தவர் உள்ளே வருகிறார். அதே வாரத்தில் பிரணாய் தனிநபருக்குத் திரும்பி வெண்கலம் எடுத்தார். 1982-இல் சையத் மோடி எடுத்ததற்குப் பிறகு ஆசியப் போட்டியின் ஆண்கள் ஒற்றையரில் இந்தியாவுக்குக் கிடைத்த பதக்கம் அது. சாத்விக்–சிராக் தங்கமும் வென்றார்கள்.

பயிற்சியாளரைத் திட்டும் முன்

'பிரணாயை ஏன் கடைசியில் வைத்தார்கள்?' ஆண்கள் அணிகளுக்கான உலகப் போட்டியான தாமஸ் கோப்பை 2022-இல் நடந்தபோது இந்தக் கேள்வி உலவியது. அது குழுப் போட்டி மட்டும்தான் என்றாலும் விஷயம் இங்கே பொருந்தும். அங்கே ஒற்றையர் வரிசை உலகத் தரவரிசைப்படி அமையும். பயிற்சியாளர் இஷ்டத்துக்கு மாற்றிப்போட முடியாது. இதனால் முதல் ஒற்றையர் ஆடுபவர் எதிரணியின் ஆகச் சிறந்த வீரரைத்தான் சந்திப்பார். லக்‌ஷயா அந்தக் காலிறுதியிலும் அரையிறுதியிலும் தோற்றார். எதிரே நின்றவர்கள் மலேசியாவின் லீ ஸீ ஜியாவும் டென்மார்க்கின் விக்டர் ஆக்சல்சனும். இரண்டு நாளும் 2-2 என்ற நிலையில் கடைசி ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தவர் பிரணாய். டென்மார்க்குக்கு எதிராகக் கணுக்காலில் அடிபட்ட பிறகும் ஆடினார். இறுதியில் இந்தியா இந்தோனேசியாவை 3-0 என்று முடித்துவிட்டதால் அவர் இறங்கவே வேண்டியிருக்கவில்லை. லக்‌ஷயாவின் இரண்டு தோல்விகளை மட்டும் வைத்து அவர் 'ஃபார்மில் இல்லை' என்று சொன்னவர்களுக்கு அந்த இறுதியில் இந்தோனேசியாவின் கின்டிங்கை அவர் வென்ற விதமே பதில்.

குரூப் சுற்றில் 3-0 ஆன பிறகும் ஏன் ஆடுகிறார்கள் என்றும் கேட்பதுண்டு. புள்ளிப் பட்டியலில் அணிகள் சமமானால் வென்ற ஆட்டங்களின் எண்ணிக்கையும் பார்க்கப்படும், அதனால்தான். நாக் அவுட்டில் மூன்று வந்ததும் மூட்டை கட்டிவிடுவார்கள்.

ஜூனியர் பதக்கத்தை ஜாதகமாக வாசிப்பது

தன்விக்கு வெள்ளி கிடைத்ததும் அடுத்த சிந்து என்று தொடங்கிவிட்டார்கள். உலக ஜூனியர் சாம்பியன்ஷிப்பில் சிந்து பதக்கமே எடுத்ததில்லை. சாய்னா 2008-இல் புனேயில் தங்கம் வென்றார், பெரிய அரங்கிலும் வென்றார். 2015-இல் லிமாவில் வெள்ளி வென்ற சிரில் வர்மாவின் பெயர் இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? சென்னையின் சங்கர் முத்துசாமி 2022-இல் ஸ்பெயினின் சான்டாண்டரில் வெள்ளி வென்றவர். சீனியர் களத்தில் படிப்படியாக ஏறிக்கொண்டிருக்கிறார். அவரவர் வேகம் அவரவருக்கு. பதினாறு வயதுப் பெண்ணின் தலையில் இன்னொருவரின் பெயரைக் கட்டிவைப்பது அவருக்கு நாம் செய்யும் உதவி அல்ல.

கடைசியாகச் சில சின்ன விஷயங்கள். வெண்கலத்துக்கான ஆட்டம் எப்போது என்று தேடாதீர்கள். உலக ஜூனியரிலும் ஆசியப் போட்டியிலும் அரையிறுதியில் தோற்ற இரு தரப்புக்குமே வெண்கலம். குவாஹாட்டியில் இந்தியக் குழு முதன்முறையாகப் பதக்கம் பெற்றது இப்படித்தான்: கொரியாவை வென்றதுமே பதக்கம் உறுதி, அரையிறுதியில் இந்தோனேசியாவிடம் தோற்றும் வெண்கலம் வந்தது. ஆனால் காமன்வெல்த்திலும் ஒலிம்பிக்கிலும் வெண்கலத்துக்கு ஆடித்தான் ஆக வேண்டும். அட்டவணையில் போட்டிருக்கும் நேரத்தை நம்பிச் சாப்பிடப் போய்விடவும் வேண்டாம். முதல் ஆட்டத்துக்குத்தான் அந்த நேரம் பொருந்தும். மற்றவை முந்தைய ஆட்டம் முடிந்ததும் தொடங்கும். அது அரை மணியிலும் முடியலாம், ஒன்றரை மணியும் இழுக்கலாம்.