மான்செஸ்டர் அருங்காட்சியகங்கள்: வியாழக்கிழமையில் தொடங்குங்கள்

மான்செஸ்டரில் பெரிய அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் இலவசம். வாசலில் நன்கொடைப் பெட்டி இருக்கும். விருப்பமிருந்தால் போடலாம், போடாவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. இலவசம் என்பதாலேயே பலர் ஒரே நாளில் ஆறேழு இடங்களுக்குள் புகுந்து, எதையும் சரியாகப் பார்க்காமல் கால்வலியோடு திரும்புகிறார்கள்.

இந்த ஊரைச் சுற்றிப் பார்க்கச் சுலபமான வழி, பஞ்சைப் பிடித்துக்கொண்டு போவது. நூல் நூற்ற இயந்திரங்கள் ஓரிடத்தில் இருக்கின்றன. அந்த நூலில் சேர்ந்த பணம் கட்டிய மாளிகை அங்கிருந்து பத்து நிமிட நடையில். இயந்திரத்தின் முன்னால் நின்றவர்கள் தூக்கிய கொடிகள் அடுத்த தெருக்களில். துணிச் சேகரிப்புக்கு மட்டும் பஸ் ஏற வேண்டும். நான்கையும் ஒரே நாளில் முடிக்கலாம், கிழமையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால்.

கிழமை

திங்களன்று மான்செஸ்டர் ஆர்ட் கேலரி, துணிச் சேகரிப்புள்ள விட்வொர்த் கலைக்கூடம், மான்செஸ்டர் மியூசியம் மூன்றும் மூடியிருக்கும். செவ்வாயன்று, கொடிகள் இருக்கும் பீப்பிள்ஸ் ஹிஸ்டரி மியூசியம் கிடையாது. ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தை புதன் முதல் சனிக்குள் வைத்துக்கொண்டால் ஏமாற்றமில்லை. ஆக, திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் நம்பிப் போகக்கூடியவை அறிவியல் அருங்காட்சியகமும் போர் அருங்காட்சியகமும்தான்.

வியாழனைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மற்ற இடங்கள் பத்து மணிக்குத் திறந்து ஐந்துக்கு மூடும்போது, விட்வொர்த் வியாழனன்று மட்டும் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். கடைசி நிறுத்தத்தை மாலைக்குத் தள்ளிவிட்டால் பகல் முழுவதும் மற்ற மூன்றுக்குக் கிடைக்கும். வங்கி விடுமுறை எனப்படும் பொது விடுமுறை நாள், கிறிஸ்துமஸ் வாரம் இரண்டிலும் இந்தக் கணக்கெல்லாம் மாறும். முதல் நாள் இரவு ஒவ்வொன்றின் இணையதளத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காலை: சயின்ஸ் அண்ட் இண்டஸ்ட்ரி மியூசியம்

டீன்ஸ்கேட்-காசில்ஃபீல்டு டிராம் நிறுத்தத்தில் இறங்கி லிவர்பூல் ரோட்டுக்கு நடந்தால் போதும். அனுமதி இலவசம் என்றாலும் நேரத்தை இணையத்தில் முன்பதிவு செய்துகொள்வது நல்லது. பள்ளி நாட்களில் காலை முழுவதும் மாணவர் கூட்டம் இருக்கும்.

உள்ளே போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை, வரவேற்பு மேசையில் "இன்று பஞ்சு இயந்திரங்கள் எத்தனை மணிக்கு ஓடும்?" என்று கேட்பது. டெக்ஸ்டைல்ஸ் கேலரியில் நிற்கும் இயந்திரங்களைக் குறிப்பிட்ட நேரத்தில், ஊழியர் இருந்தால்தான் ஓட்டுவார்கள். இதைக் கேட்காமல் மாடியேறிப் போய்விட்டு, கீழே தறிச் சத்தம் நின்ற பிறகு வந்து சேருகிறவர்கள்தான் அதிகம். நின்றுபோன கார்டிங் மெஷின் வெறும் இரும்பு. ஓடும்போதுதான் அதற்கு அர்த்தம்.

ஓடும்போது வரிசையாகக் கவனியுங்கள். கார்டிங்கில் பஞ்சு இழையிழையாகச் சீவப்பட்டு, மெல்லிய திரை போல வெளிவந்து, ஒரு புனலுக்குள் நுழைந்து கயிறாகத் திரள்கிறது. அதுதான் ஸ்லைவர். அடுத்து டிராயிங்: பல ஸ்லைவர்கள் சேர்ந்து உருளைகளுக்குள் போகின்றன. ஒவ்வொரு ஜோடி உருளையும் முந்தையதைவிட வேகமாகச் சுற்றுவதால் இழை நீண்டு, நேராகி, தடிமன் சீராகிறது. இந்தக் கட்டத்தில் சீராகாவிட்டால் பின்னால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். கோவை, ராஜபாளையம் பக்கத்து ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு இவையெல்லாம் தெரிந்த முகங்கள். தெரியாத முகம் ஒன்று உண்டு: மியூல் என்னும் நூற்பு இயந்திரம். 1779இல் போல்டனைச் சேர்ந்த சாமுவேல் கிராம்ப்டன் உருவாக்கியது. அதன் வண்டி சக்கரத்தில் வெளியே நகரும்போது நூலை இழுத்து முறுக்கும், உள்ளே வரும்போது கதிரில் சுற்றும். இந்திய மில்கள் சீக்கிரமே, இழுப்பதும் சுற்றுவதும் நிற்காமல் நடக்கும் ரிங் ஃபிரேமுக்கு மாறிவிட்டன. மான்செஸ்டரைச் சுற்றியுள்ள லங்காஷயர் மட்டும் மியூலை விடாமல் நெடுநாள் பிடித்துக்கொண்டிருந்தது.

கடைசியில் லங்காஷயர் தறி. நாடாவை (குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் ஷட்டில்) அடித்து அனுப்பும் கட்டை நிமிடத்துக்குச் சுமார் 200 முறை அடிக்கும். ஒரே ஒரு தறிக்கே பேச்சு காதில் விழாது. நெசவுக்கூடத்தில் நூற்றுக்கணக்கில் ஓடின. அதனால்தான் லங்காஷயர் மில் பெண்கள் உதட்டசைவைப் படித்துப் பேசப் பழகினார்கள். நாடாவின் துளையில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்கும் வழக்கமும் இருந்தது. ஒரே நாடாவைப் பலர் வாயில் வைத்ததால் நோய் பரவியது. ஊழியரிடம் கேட்டால் நாடாவின் அந்தத் துளையைக் காட்டுவார். கைக்குழந்தையோடு போனால் காதை மூட ஏதாவது எடுத்துச் செல்லுங்கள்.

பவர் ஹால் 2019இல் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டு, 2025 அக்டோபரில் திறந்தது. நீராவி இயந்திரங்களுக்கு நடுவே 3157 என்ற எண்ணுள்ள ரயில் எஞ்சினைத் தேடுங்கள். 1911இல் வல்கன் ஃபவுண்டரியில் செய்து, பிரிவினைக்கு முந்திய இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, பிறகு பாகிஸ்தான் ரயில்வேயில் ஓடியது. இங்கிலாந்தின் தண்டவாள அகலம் 4 அடி 8½ அங்குலம். இந்த எஞ்சினின் சக்கர இடைவெளி நம்மூர் அகலப்பாதையின் 5 அடி 6 அங்குலம். முன்னால் நின்று பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

கணினிப் படிப்புக்காக இந்த ஊருக்கு வந்தவர்கள் 'பேபி'யைத் தவறவிடக் கூடாது. நினைவகத்தில் வைத்த நிரலை முதன்முதலில் ஓட்டிய மின்னணுக் கணினி அது; 1948 ஜூன் 21, மான்செஸ்டர் பல்கலைக்கழகம். மொத்த நினைவகம் 32 'சொற்கள்' (சிறு தரவுத் துண்டுகள்) தான். இங்கே இருப்பது பிற்பாடு கட்டிய, ஓடக்கூடிய மறுபடைப்பு. தன்னார்வலர்கள் சில நாட்களில் இயக்கிக் காட்டுவார்கள்.

இதே வளாகத்தில்தான் 1830இல் திறந்த லிவர்பூல் ரோடு ரயில் நிலையமும் இருக்கிறது. எஞ்சியிருக்கும் பயணிகள் நிலையங்களில் உலகிலேயே பழையது. பழுதுபார்ப்பு நடந்தால் உள்ளே விட மாட்டார்கள். சாலையிலிருந்து முகப்பைப் பார்க்கலாம். ஒரு மணி வாக்கில் கிளம்பிவிடுங்கள்.

மதியம்: ரைலண்ட்ஸ், பிறகு கொடிகள்

டீன்ஸ்கேட் வழியே பத்து நிமிடம் நடந்தால் ஜான் ரைலண்ட்ஸ் நூலகம். பார்த்தால் கோதிக் தேவாலயம் என்றே நினைப்பீர்கள். பஞ்சு வியாபாரத்தில் பெருஞ்செல்வம் சேர்த்து 1888இல் இறந்த ஜான் ரைலண்ட்ஸின் நினைவாக மனைவி என்ரிக்கெட்டா கட்டியது. 1900 ஜனவரி 1 அன்று பொதுமக்களுக்குத் திறந்தது. பழைய முகப்புக் கதவைத் தள்ளிக்கொண்டு நிற்காதீர்கள். உள்ளே போவது பக்கத்திலுள்ள புதிய கட்டடம் வழியாக. நேரே மேல்தளத்தின் வாசிப்புக் கூடத்துக்குப் போய்விட்டு, பிறகு கீழே இறங்குங்கள். யோவான் சுவிசேஷத்தின் மிகப் பழையது எனக் கருதப்படும் பாப்பிரஸ் துண்டு இந்த நூலகத்தின் சொத்து, உள்ளங்கை அளவுதான். காட்சிக்கு வைத்திருக்கிறார்களா என்று ஊழியரிடம் கேளுங்கள். முக்கால் மணி நேரம் போதும்.

அடுத்து பீப்பிள்ஸ் ஹிஸ்டரி மியூசியம், ஆற்றங்கரையில், ஏழெட்டு நிமிட நடை. என் கணிப்பில் ஊரிலேயே மதிப்புக் குறைத்து எடைபோடப்படும் இடம் இதுதான். கட்டடமே ஒரு காட்சிப்பொருள்: நகரத்துக்கு நீரழுத்த சக்தி அனுப்பிய பழைய பம்ப் ஹவுஸ். அந்த அழுத்தத்தில்தான் டவுன் ஹால் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார்கள்.

இங்கே நேரம் செலவிட வேண்டியது தொழிற்சங்கக் கொடிகளிடம். ஓர் அறைச் சுவரை நிறைக்கும் பட்டுத் துணியில் இருபுறமும் ஓவியம். ஓவியத்தை மட்டும் பார்த்துவிட்டு நகராமல், மடிப்புக் கோடுகளைப் பாருங்கள். பெயின்ட் ஏறிய பட்டு வருடக்கணக்கில் மடித்தே கிடந்தால் அந்தக் கோட்டிலேயே வெடிக்கும். அதைச் சரிசெய்யும் பணிக்கூடமும் இங்கேயே இருக்கிறது. ஒளியில் துணி நைந்துபோவதால் கொடிகளை மாற்றி மாற்றித்தான் வைப்பார்கள். இணையத்தில் படம் பார்த்த கொடி இன்று தொங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வாக்குரிமை கேட்டுக் கூடியவர்கள்மீது குதிரைப்படை பாய்ந்த பீட்டர்லூ படுகொலை (1819 ஆகஸ்ட் 16) பற்றிய பகுதியையும் விடாதீர்கள். அது நடந்த செயின்ட் பீட்டர்ஸ் ஃபீல்டு இருந்த பகுதிக்குத்தான் அடுத்து நடக்கப் போகிறீர்கள்.

போகும் வழியில் பிரேஸனோஸ் ஸ்ட்ரீட் பக்கம் திரும்பினால் ஆபிரகாம் லிங்கன் சிலை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பஞ்சு வரத்து நின்று லங்காஷயர் பட்டினி கிடந்தபோதும், மான்செஸ்டர் தொழிலாளர்கள் அடிமை முறைக்கு எதிராக நின்றார்கள். 1863 ஜனவரியில் லிங்கன் அவர்களுக்கு எழுதிய கடிதத்தின் வரிகள் பீடத்தில் இருக்கின்றன. அந்த நாட்களில் இந்தியாவிலிருந்து வந்த 'சூரத்' பஞ்சுக்கு இழை குட்டை. நூல் அறுந்து அறுந்து, நூற்றவர்கள் அதைச் சபித்தார்கள்.

மாலை: விட்வொர்த்

செயின்ட் பீட்டர்ஸ் ஸ்குயர் அருகே ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்டில், ரஷோம், ஃபாலோஃபீல்டு, டிட்ஸ்பரி பக்கம் போகும் பஸ்ஸில் ஏறுங்கள். மருத்துவமனைக்கு எதிரே விட்வொர்த் பூங்காவில் இறக்கிவிடும். பஸ்ஸில் ஏறும்போது, தட்டிப் பணம் கட்டும் வங்கிக் கார்டை ஒருமுறை தட்டினால் போதும். டிராமில் ஏறுமுன்னும் இறங்கிய பின்னும் நடைமேடையில் தட்ட வேண்டும். இறங்கும்போது மறந்தால் அதிகக் கட்டணம் பிடித்துவிடும். ஒரு கார்டில் இரண்டு பேர் போக முடியாது.

லேத் பட்டறைக்காரர்களுக்கு விட்வொர்த் என்ற பெயர் புதிதல்ல. 55 டிகிரி திருகு மறைக்கு 1841இல் தரம் வகுத்த அதே ஜோசப் விட்வொர்த். அவர் விட்டுப்போன சொத்தில் 1889இல் தொடங்கியது இந்தக் கலைக்கூடம். ஓவியங்களுக்கு இணையாகத் துணிகளும் சுவர்த்தாள்களும் இதன் பலம். துணி வைத்த அறைகள் மங்கலாகத்தான் இருக்கும். சாயம் வெளிறாமல் காக்க வெளிச்சத்தைக் குறைத்து வைப்பார்கள். நுழைந்ததும் இரண்டு மூன்று நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் பழகியதும் நெசவு தெரியும். ஃபிளாஷ் போடக் கூடாது. பசித்தால் தெற்கே பத்து நிமிட நடையில் ரஷோமின் கறி மைல். கபாபும் பிரியாணியும் தாராளம். இட்லி, தோசையைத் தேடி அலைய வேண்டாம்.

இன்னொரு நாள் இருந்தால்

காலையில் மான்செஸ்டர் ஆர்ட் கேலரி. ஃபோர்டு மேடாக்ஸ் பிரவுனின் 'வொர்க்' ஓவியத்தில் மண் வெட்டுகிறவர்கள் நடுவில் நிற்க, பணக்காரர்கள் குதிரையில் பின்னால் முடங்கியிருப்பார்கள். பிறகு அடால்ஃப் வலெட்டின் புகைமூட்ட நகரக் காட்சிகள். அங்கிருந்து அதே ஆக்ஸ்ஃபோர்டு ரோடு பஸ்ஸில் மான்செஸ்டர் மியூசியம். பிரிட்டிஷ் மியூசியத்துடன் சேர்ந்து 2023இல் திறந்த தெற்காசியக் கூடத்தை உள்ளூர்த் தெற்காசியர்கள் முப்பது பேர் சேர்ந்து வடிவமைத்தார்கள். குழந்தைகள் டைனோசரையும் உயிருள்ள தவளைகளையும் விட்டு நகர மாட்டார்கள்; அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

சால்ஃபோர்டு கீஸுக்கு அரை நாள் வேண்டும். மீடியாசிட்டி டிராமில் போனால் லௌரி கலைக்கூடமும், நடைபாலத்துக்கு அப்பால் டேனியல் லிபஸ்கிண்ட் வடிவமைத்த இம்பீரியல் வார் மியூசியம் நார்த்தும். பின்னதன் தளம் வேண்டுமென்றே சரிவாகக் கட்டப்பட்டது. முதியவர்களைக் கைபிடித்து அழைத்துப் போங்கள். குறிப்பிட்ட இடைவெளியில் விளக்கணைத்துச் சுவர் முழுக்கப் படம் போடுவார்கள். குண்டுச் சத்தம் பலமாக இருக்கும். ஓல்டு டிராஃபோர்டில் மேட்ச் இருக்கும் நாளில் அந்தப் பக்கத்து டிராம்களில் கால் வைக்க இடமிருக்காது. போட்டி அட்டவணையைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள்.

பஞ்சு ஆசை இன்னும் தீராதவர்களுக்கு ஸ்டைல் (Styal) என்ற கிராமத்தில் குவாரி பேங்க் மில், 1784இல் சாமுவேல் கிரெக் தொடங்கியது. விமான நிலையத்துக்குப் பக்கம். இதற்கு மட்டும் கட்டணம் உண்டு. சிறுவர் தொழிலாளர்கள் தங்கிய அப்ரென்டிஸ் ஹவுஸைப் பார்க்க நேரம் குறித்த டிக்கெட் தருவார்கள். உள்ளே போனவுடன் அதை வாங்கிவிட்டுத்தான் மில்லுக்குள் நுழைய வேண்டும். விமானம் ஏறும் நாளில் பெட்டியோடு இங்கே வர நினைக்காதீர்கள். பெரிய சூட்கேஸை இந்த அருங்காட்சியகங்களில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், ஹோட்டலிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.