பேட்டில்டெக்: எதிரியை வீழ்த்தினால் போதாது, எப்படி வீழ்த்துகிறோம் என்பதும் முக்கியம்

கூலிப்படைத் தலைவராக, 'மெக்' எனப்படும் ராட்சதப் போர் ரோபோக்களை முறைவைத்து நகர்த்திச் சண்டையிடும் கணினி விளையாட்டு பேட்டில்டெக். 2018-இல் வந்த அதைப் புதிதாகத் தொடங்குபவர்கள் ஆடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால், பழைய ஆட்டக்காரர்கள் விழுந்து எழுந்த அதே குழிகள் ஒவ்வொன்றாக வரும். குன்றின் மேல் ஏறுங்கள், காட்டில் மறைந்து நில்லுங்கள் என்பதையெல்லாம் பயிற்சிப் பகுதியே சொல்லிவிடுகிறது. அது சொல்லாதவை மட்டும் இங்கே.

எப்போதும் நடு உடலை உடைப்பது

இதைப் பார்க்கும்போது இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது, ஏனென்றால் இந்த ஆட்டத்தின் சிறந்த பகுதியே இதில்தான் வீணாகிறது.

ஒரு மெக்கை மூன்று வழிகளில் சாய்க்கலாம். நடு உடலை நொறுக்கலாம், இரண்டு கால்களையும் உடைக்கலாம், அல்லது உள்ளே இருக்கும் பைலட்டைச் செயலிழக்கச் செய்யலாம். சண்டை நடக்கும்போது மூன்றுக்கும் பலன் ஒன்றுதான். சண்டை முடிந்து சால்வேஜ் பட்டியல் (களத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் பொருட்கள்) வரும்போது பார்த்தால், நடு உடலை உடைத்திருந்தால் அந்த மெக்கின் 1 பாகம், கால்களை உடைத்திருந்தால் 2, பைலட்டை வீழ்த்தியிருந்தால் 3. வழக்கமான அமைப்பில் 3 பாகங்கள் சேர்ந்தால் ஒரு முழு மெக்.

ஹன்ச்பேக் என்னும் மெக் ஒன்று எதிரே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 டன், வலது பக்க உடலில் ஏசி/20 என்னும் பெரிய ஆட்டோகேனன் (பீரங்கி), ஒரே அடியில் 100 சேதம். புதியவர் பதறிப்போய் நான்கு மெக்குகளின் எல்லா ஆயுதங்களையும் அதன் நெஞ்சில் கொட்டுகிறார். இரண்டு சுற்றில் அது முடிகிறது, கைக்கு வருவது ஒரே பாகம். பத்து மிஷன் கழித்தும் அவரிடம் ஹன்ச்பேக் இல்லை, பாதி மெக்குகளின் துண்டுகள்தான் கிடங்கில் கிடக்கின்றன.

அதையே இப்படிச் செய்யலாம். முதலில் ஏவுகணைகளாலும் ஆட்டோகேனன்களாலும் அதன் நிலைத்தன்மையைக் குலையுங்கள். லேசர் இதற்கு உதவாது. மெக் தரையில் விழுந்தவுடன் பைலட்டுக்கு ஒரு காயம். விழுந்து கிடக்கும் மெக்கின் எந்தப் பகுதியை அடிப்பது என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். வலது பக்க உடலைத் தேர்ந்தெடுங்கள். அது உடைந்தால் ஏசி/20 போகும், வலது கையும் சேர்ந்தே போகும், பைலட்டுக்கு இன்னொரு காயம். எழுந்தால் மறுபடி தள்ளிவிடுங்கள். சாதாரண பைலட்டுகள் பலர் மூன்று காயங்களுக்கு மேல் தாங்குவதில்லை. தலையில் படும் அடியும் ஒரு காயமாகவே கணக்காகும்.

இதற்குள் நடு உடலின் கவசம் போய்விட்டால் கவனம் தேவை. எதிரே நின்று சுடாமல் பக்கவாட்டுக்கு நகருங்கள், குண்டுகள் அந்தப் பக்கத்துக் கால், கை, பக்க உடலில் அதிகம் படும். சுடுவதற்கு முன் தேவையற்ற ஆயுதங்களை அணைத்துவிடலாம், இதைப் பலர் கவனிப்பதே இல்லை. பைலட்டை வீழ்த்த வழியில்லை என்றால் கால்களுக்குப் போங்கள். ஒரு கால் உடைந்தாலே மெக் விழும், அதுவும் ஒரு காயம்.

எச்சரிக்கையும் உண்டு. ஏசி/20 உங்கள் ஆளைக் குறிபார்த்து நிற்கும்போது பேராசை வேண்டாம். அப்போது எது சீக்கிரம் முடியுமோ அதைச் செய்யுங்கள்.

இத்தனை பாடுபட்டும் ஒப்பந்தத்தில் பணத்தை மட்டும் கேட்டிருந்தால் பயனில்லை. சால்வேஜில் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் நீங்கள் தேர்ந்தெடுக்கக்கூடிய பொருட்களின் எண்ணிக்கை, மிச்சத்தை ஆட்டமே குலுக்கித் தரும். ஒவ்வொரு பாகமும் ஒரு தேர்வு. ஆரம்ப மாதங்களில் சம்பளத்துக்கு ஆகிற அளவு பணம் போக மீதியைச் சால்வேஜ் பக்கமே தள்ளுங்கள்.

கவசத்தைக் கழற்றி ஆயுதம் மாட்டுவது

1 டன் கவசம் 80 புள்ளி. ஆட்டம் தரும் பல மெக்குகளில் கவசம் குறைவு, ஆயுதம் அதிகம், வெப்பம் அதைவிட அதிகம். முன்பக்கக் கவசத்தை உச்சத்துக்கு அருகில் கொண்டுபோன பிறகே ஆயுதத்தைப் பற்றி யோசியுங்கள். எஞ்சினோடு வரும் குளிர்விப்பு சுற்றுக்கு 30 வெப்பம், கூடுதலாக மாட்டும் ஒவ்வொரு சாதாரண ஹீட்சிங்கும் (வெப்பத்தை வெளியேற்றும் கருவி) 3. அந்தக் கணக்குக்குள் சுட முடியாத ஆயுதம் வெறும் சுமை.

வெடிமருந்தை நடு உடலில் வைப்பது

வேண்டாம். கால்களில் வையுங்கள்.

முதல் ஆளாகப் பாய்வது

ஒவ்வொரு சுற்றும் கட்டங்களாக நடக்கும், எடைப் பிரிவுக்கு ஒரு கட்டம். மிக லேசான லைட் மெக்குகளின் முறை 4-ஆம் கட்டத்தில், மீடியம் 3, ஹெவி 2, மிகக் கனமான அசால்ட் 1. எண் இறங்கு வரிசையில் ஓடும். மீடியம் மெக்கைக் காத்திருக்க வைத்து 1-ஆம் கட்டத்தில் நகர்த்திச் சுட்டால், அடுத்த சுற்றில் கனமான எதிரிகள் அசைவதற்கு முன் மறுபடி உங்கள் முறை வந்துவிடும். அடுத்தடுத்து இரண்டு தாக்குதல்.

மண்டையோட்டு மதிப்பீட்டை நம்புவது

ஒப்பந்தம் எவ்வளவு கடினம் என்பதை மண்டையோட்டுப் படங்களால் ஆட்டம் காட்டும். அது தோராயம்தான்.

எடைதான் பலம் என்று நினைப்பது

தொடக்கத்தில் இது தவறு. வேகமாக ஓடும் மெக்குக்குத் தப்பும் திறன் கூடும், நின்ற இடத்திலேயே நின்றால் அது கிடையாது. ஆனால் பிற்பகுதியில் இது உண்மையாகவே ஆகிவிடுகிறது, அதுதான் இந்த ஆட்டத்தின் பெரிய பலவீனம். பெரும்பாலான ஒப்பந்தங்களில் எடை வரம்பு இல்லாததால் நான்கு அசால்ட் மெக்குகளே எதற்கும் விடையாகின்றன, அழகான லைட் மெக்குகள் கிடங்கில் தூங்குகின்றன. எடை வரம்போடு வரும் சில ஃப்ளாஷ்பாயின்ட் பணிகளில்தான் (தனிக் கதையோடு வரும் சிறு தொடர்கள்) அவற்றுக்கு மறுபடி வேலை வருகிறது. அதற்காகவே ஒன்றிரண்டு நல்ல மீடியம் மெக்குகளை விற்காமல் வைத்திருங்கள்.