தேக்குத் தூணும் மழைக்காடும்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

கானாடுகாத்தானிலோ காரைக்குடியிலோ பெரிய வீடொன்றைப் பார்க்க வருகிறவர்கள், பர்மா தேக்குத் தூணைத் தடவிப் பார்த்துவிட்டு, இதற்காக எவ்வளவு மழைக்காடு அழிந்ததோ என்று வருந்துவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். வருத்தம் நியாயமானது, ஆனால் தேக்கு மழைக்காட்டு மரம் அன்று. மழைக்காலமும் நீண்ட கோடையும் மாறி மாறி வரும் இலையுதிர் காட்டில் வளர்ந்து, வறண்ட மாதங்களில் இலைகளை உதிர்த்துவிட்டு வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் மரம் அது. இடித்த வீடுகளின் மரங்களை விற்கும் கடையில் ஓர் உத்தரத்தின் அறுபட்ட முனையை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தால் சான்று கிடைக்கும். ஆண்டு வளையங்கள் வரிவரியாகத் தெரியும். ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் ஊசிமுனை அளவுத் துளைகள் வரிசையாக நிற்கும். ஆண்டு முழுவதும் மழை பெறும் காட்டின் மரங்கள் பலவற்றில் வளையங்கள் இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை.

இதனால் செட்டிநாட்டுக்கும் மழைக்காட்டின் அழிவுக்கும் தொடர்பே இல்லை என்று முடிவு செய்வது இன்னொரு தவறு. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயாவின் தாழ்நில மழைக்காடுகள் ரப்பர்த் தோட்டங்களாக மாறிக்கொண்டிருந்தபோது, அத்தோட்டங்களுக்குக் கடன் கொடுத்தவர்களிலும் அவற்றைச் சொந்தமாக வைத்திருந்தவர்களிலும் நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இருந்தனர். தூணாக வந்த மரத்தைத் தொட்டுப் பார்க்க முடிகிறது. பேரேட்டில் வட்டியாக வந்த காட்டை அப்படிப் பார்க்க முடிவதில்லை. இன்று அந்தத் தொடர்பு எண்ணெய்ச் சட்டியில் இருக்கிறது. பல வீடுகளில் தேன்குழலும் சீப்புச் சீடையும் பாமாயிலில்தான் வேகின்றன. உலகிலேயே பாமாயிலை மிகுதியாக இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. அதில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. அதற்காகப் பாமாயிலை அடியோடு விட்டுவிட்டால் காடு பிழைத்துவிடும் என்று எண்ணவும் கூடாது. சோயாவும் நிலக்கடலையும் தருவதைப் போலப் பல மடங்கு எண்ணெயை எண்ணெய்ப்பனை ஒரு ஹெக்டேரில் தந்துவிடுகிறது; அதே அளவு எண்ணெயை வேறு பயிரிலிருந்து பெற இன்னும் அதிக நிலம் வேண்டும். ஆகவே அந்தத் தோட்டம் எந்த நிலத்தில், எதை அழித்துப் போடப்பட்டது என்பதையே கேட்க வேண்டும்.

பச்சையாகத் தெரிவதையெல்லாம் காடு என்று கணக்கிடுவதும் பரவலான தவறாகும். நாட்டின் வனப்பரப்பு கூடியிருக்கிறது என்று செய்தி வரும்போது, அந்தக் கணக்கின் இலக்கணத்தைப் பார்க்க வேண்டும். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கவிகை, அதாவது மரங்களின் கிளையும் இலையும் மூடும் பரப்பு, 10 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால், அது யாருடைய நிலமாயினும், அங்கே என்ன மரம் நின்றாலும், இந்திய வன நிலை அறிக்கை அதை வனப்பரப்பில் சேர்த்துக்கொள்ளும். எனவே சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் நாம் காணும் தைலமரத் தோட்டமும் அந்தக் கணக்கில் வரலாம். வால்பாறையின் சோலை ஒன்று அழிந்து, வேறெங்கோ தைலமரம் நடப்பட்டால் கூட்டுத்தொகை மாறாது. ஆனால் அந்தச் சோலையில் இருந்த சிங்கவால் மந்திக்குத் தைலமரம் ஈடாகாது.

உலகின் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை அமேசான் தருகிறது என்ற கூற்றையும் விட்டுவிடலாம். அந்தக் காடு உண்டாக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய முழுவதையும் அங்குள்ள மரங்களின் சுவாசமும் மட்கும் இலைகளும் எடுத்துக்கொள்கின்றன. காட்டைக் காக்கச் சொல்வதற்கு அதன் கார்பன் இருப்பு, அது வரவழைக்கும் மழை, அதில் வாழும் உயிர்கள் ஆகிய உண்மையான காரணங்களே போதும்.

எல்லாவற்றிலும் என்னை மிகவும் வருத்துவது, சூழல் மாறினால் உயிரினங்களும் தம்மை மாற்றிக்கொள்ளும், பரிணாமம் என்பதே அதுதானே என்ற ஆறுதல். தனி உயிர் எதுவும் பரிணமிப்பதில்லை. ஒரு கூட்டத்துக்குள் முன்பே இருக்கும் வேறுபாடுகளில், பிழைத்துக் குட்டிபோடவோ முட்டையிடவோ உதவியவை தலைமுறைதோறும் பெருகுவதே இயற்கைத் தேர்வு. ஓரிரு வாரங்களில் அடுத்த தலைமுறை வந்துவிடும் கொசு, பூச்சிமருந்தைத் தாங்கும் திறனைச் சில ஆண்டுகளிலேயே பெற்றுவிடுகிறது. பெரும் இருவாச்சியின் நிலை வேறு. முதிர்ந்த பெருமரத்தின் பொந்துக்குள் பெண் பறவை தன்னை அடைத்துக்கொண்டு ஒன்றோ இரண்டோ முட்டை இடும்; ஒரு சிறு பிளவின் வழியாக ஆண் பறவை பழங்களைக் கொண்டுவந்து ஊட்டும். அத்தகைய பொந்து அமையும் அளவுக்கு மரம் பருக்கப் பல தலைமுறைக் காலம் ஆகும். இயந்திர வாளுக்குச் சில நிமிடங்கள் போதும். வேறு வகைக் கூட்டுக்குப் பழகிக்கொள்ளும் வேறுபாடு அந்தப் பறவைகளிடம் தோன்றிப் பெருகுவதற்கு இந்த வேகம் இடம் தருவதில்லை.

குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்றைய குரங்குகள் ஏன் மனிதராகவில்லை என்ற கேள்விக்குச் செட்டிநாட்டாருக்கு விளக்கம் சொல்வது எளிது. ஒரே கோயிலைச் சேர்ந்த பங்காளிகளில் ஒருவர் மற்றவருக்குப் பாட்டன் ஆகமாட்டார். அவர்களுக்குப் பொதுவான முன்னோர் இருந்தார்கள். சிம்பன்சியும் அவ்வகையில் நமக்குப் பங்காளிதான். ஏறத்தாழ 60 அல்லது 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பொது முன்னோரிடமிருந்து இரு கிளைகளும் பிரிந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்துவிட்டு மழை தொடங்கும்போது சில நாட்களே வெளிவரும் ஊதாத் தவளையின் நெருங்கிய பங்காளிகள் இந்தியப் பெருங்கடலின் சீசெல்சுத் தீவுகளில் இருக்கின்றன. 2003இல்தான் அறிவியல் அதற்குப் பெயரிட்டது. ஆனால் அதன் கிளை தனித்து வந்த காலம் 10 கோடி ஆண்டுகளுக்கும் மேல். ஊதாத் தவளைக் குடும்பம் போய்விட்டால் அந்தக் கிளையை நீட்டிக்க இங்கே வேறு தவளை இல்லை.

அழிந்த மழைக்காடு தானே திரும்பிவிடும் என்பவர்கள் கால அளவைத்தான் தவறவிடுகிறார்கள். 2024இல் மட்டும் வெப்பமண்டலங்களில் ஏறத்தாழ 67 லட்சம் ஹெக்டேர் முதல்நிலை மழைக்காடு, அதாவது முன்பு வெட்டி அழிக்கப்படாத பழைய காடு, அழிந்தது. தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் சற்று அதிகம். இதற்கு ஈடு வைத்துப் பார்க்க ஒரு பழைய பேரழிவு உண்டு. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்தபின் தென்னமெரிக்கக் காடுகளில் தாவர வகைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. பழைய எண்ணிக்கையை எட்ட 60 லட்சம் ஆண்டுகள் ஆயின என்று கொலம்பியாவில் கிடைத்த மகரந்தப் புதைபடிவங்கள் காட்டுகின்றன. அப்போதும் திரும்பி வந்தது பழைய காடு அன்று. ஊசியிலை மரங்களும் பெரணிகளும் இடைவெளிவிட்டு நின்ற இடத்தில், பூக்கும் மரங்கள் நெருங்கிக் கவிந்த வேறொரு காடு எழுந்தது.