டம்மி வான்கோழிய வீட்லயே தேத்துறது எப்படி

டர்க்கி, அதாவது காட்டு வான்கோழி வேட்டைல, நெஜக் கோழிய ஏமாத்தி கிட்ட வர வெக்க நட்டு வெக்கிற டம்மி பொம்மை கடைல வாங்கும்போது சோக்காத்தான் இருக்கும், ரெண்டு சீசன் பைல மடிச்சி அமுக்கி வெச்சதும் நெஞ்சு ஒட்டிப்போயி பெயிண்ட் உரிஞ்சி வெயில் பட்டா தகதகன்னு மின்ன ஆரம்பிச்சிடும். உடனே புதுசு வாங்கிடாதீங்கபா. வியாசர்பாடில வண்டிக்கு டிங்கரிங் பெயிண்டிங் பண்ற எவனும் இத தேத்திடுவான். எங்க மச்சான் டெக்சாஸ்ல இருக்காரு, அங்க லைசென்ஸ் எடுத்து காட்டு வான்கோழி வேட்டைக்கு போலாம், லீவுக்கு வரும்போது பொட்டில இதைத்தான் திணிச்சினு வருவாரு, ரிப்பேர் எல்லாம் நம்ம பட்டறைலதான். நம்மூர்ல காட்டுப் பறவைய வேட்டையாட 1972 வனவிலங்கு சட்டப்படி தடை, அதனால இந்த ஐடியாவ தூக்கினு பழவேற்காடு பக்கம் வாத்து புடிக்க போயிடாதீங்க, உள்ள வெச்சிடுவாங்க.

மொதல்ல நெளிவ எடுங்க. ஃபோம் டம்மியா இருந்தா ஹேர் டிரையர் தூரமா புடிச்சி மெதுவா சூடு காட்டி கையால நீவி விடுங்க, பிளாஸ்டிக்குன்னா சுடுதண்ணி ஊத்தினாலே தன்னால உப்பிக்கும். ஆறுற வரைக்கும் உள்ள பழைய துணி அடைச்சி வைங்க.

அப்புறம்தான் பளபளப்பு, இதுலதான் பாதி பேர் கோட்டை விடுறாங்க. பறவைங்களுக்கு நம்ம கண்ணுக்கு தெரியாத புற ஊதா ஒளியும் தெரியும், துணி வெளுக்குற சோப்புத்தூள்ல போட்டு கழுவினா அதுல இருக்குற பளிச் சரக்கு டம்மி மேல ஒட்டிக்கும், நமக்கு சாதாரணமா இருக்கும், வான்கோழிக்கு டியூப்லைட் மாதிரி எரியும். வெறும் தண்ணி, கொஞ்சம் பாத்திரம் கழுவுற சோப்பு, அவ்ளோதான். காஞ்சதும் 400 நம்பர் உப்புத்தாள்ல லேசா தேச்சிட்டு மேட் கிளியர், அதான் பளபளப்பு இல்லாத கலரில்லா வார்னிஷ், ஒரு கோட்டு அடிங்க. தெர்மாகோல் டம்மி மேல தின்னர் கலந்த ஸ்பிரே அடிச்சா அப்படியே அரிச்சி குழி விழுந்துடும், அதுக்கு தண்ணில கரையுற அக்ரிலிக் பெயிண்ட்தான்.

ஒடம்புக்கு ரொம்ப மெனக்கெட வேணாம், தலைக்கு மெனக்கெடுங்க. சேவலுக்கு உச்சந்தலை வெள்ளை, கண்ணை சுத்தி நீலம், கழுத்துத் தொங்கல் செவப்பு. பெட்டைக்கு மங்கின நீலச்சாம்பல்தான், அதுக்குப் போயி செவப்பு பூசிடாதீங்க. கண்ணுல மட்டும் கலர் இல்லாத நகப்பாலிஷ் ஒரு சொட்டு, அந்த மினுக்கு இருந்தாதான் உசுரு இருக்குற மாதிரி தெரியும்.

வாலு நெஜ இறகா இருந்தா தனி கெத்து. வான்கோழிக்கு வால்ல பொதுவா 18 பெரிய இறகு, வளந்த சேவலுக்கு விரிச்சா எல்லாம் ஒரே அளவா நிக்கும், ஜேக்குனு சொல்ற இளவட்டத்துக்கு நடு இறகு மட்டும் நீட்டினு இருக்கும். வாலை அடியோட வெட்டி சதை கொழுப்பு சுத்தமா சொரண்டிட்டு, நாட்டு மருந்து கடைல வெண்காரம் வாங்கி பொடி பண்ணி நல்லா அப்பி, அட்டை மேல விரிச்சி ஊசி குத்தி நெழல்ல காய வைங்க. நம்ம கடக்கரை காத்துக்கு லேசுல காயாது, ஃபேன் போடுங்க, எறும்பு வராம பாத்துக்கோங்க. கிறிஸ்துமஸ் நேரத்துல இங்க வான்கோழி இறகு சொம்மா கெடைக்குதுன்னு அமெரிக்காவுக்கு எடுத்துனு போவாதீங்க, பறவைக்காய்ச்சல் பயத்துல கஸ்டம்ஸ்ல புடுங்கி வெச்சிடுவாங்க. வேலை கத்துக்க இங்க, மாட்ட அங்கயே அடிச்ச கோழி வாலு.

அசைவு இல்லன்னா மேல சொன்ன எதுவும் பிரயோஜனம் இல்ல. ஆனா கம்பி மேல நிக்கிற டம்மி காத்துக்கு கிறுகிறுன்னு முழுசா சுத்தினாலும் கோழி மெர்சலாயி ஓடிடும், அதனால வாலுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு குச்சி நட்டு வைங்க, அந்த எடைவெளிக்குள்ள மட்டும் இப்படி அப்படி திரும்பும். காத்தே இல்லாத காலைக்கு காசிமேட்டுல மீன் புடிக்க வாங்குற தங்கூஸ் போதும், நெஞ்சுல கட்டி நீங்க ஒளிஞ்சினு இருக்குற எடம் வரைக்கும் இழுத்து வெச்சி எப்பவாவது லேசா சுண்டுங்க, சொம்மா சொம்மா இழுக்காதீங்க. கம்பி போற ஓட்டை கிழிஞ்சிருந்தா ஒரு வாஷர் வெச்சி எம்சீல் போடுங்க, கீச்சு சத்தம் வந்தா மெழுகுவத்தி தேய்ங்க. மோட்டார் மாட்டலாமான்னு கேட்டா மாநிலத்துக்கு மாநிலம் ரூல் வேற, பாத்துட்டு மாட்டுங்க.

வெக்கிறப்போ உங்ககிட்டேந்து ஒரு 20 கஜம், ஜேக் டம்மி மூஞ்சி உங்கள பாத்த மாதிரி. பெரிய சேவல் சண்டைக்கு அது மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கும், அப்ப முதுகு உங்க பக்கம் இருக்கும்.

இவ்ளோ தத்ரூபமா பண்ணிட்டா இன்னொரு வேட்டைக்காரனும் ஏமாறுவான், அதான் பெரிய பேஜாரு. காட்டுக்குள்ள தூக்கினு போவும்போது ஆரஞ்சு கலர் பைக்குள்ள முழுசா மூடி எடுத்துனு போங்க, வாலு வெளிய நீட்டக்கூடாது. செவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் போடாதீங்க, உள்பனியன்கூட, சேவல் தலைக்கும் அதே கலர்தான். உங்க தோளவிட அகலமான மரத்துல சாஞ்சி உக்காருங்க. வேற ஆள் வந்தா கைய ஆட்டாதீங்க, அசையாம சத்தமா கொரல் குடுங்க.